கம்பெனி கழித்த லேப்டாப்: வாங்கலாமா, விடலாமா?

ஹுத்தான் மெலிந்தாங்கில் உட்கார்ந்தபடி கோலாலம்பூர் வேலைக்கு வீடியோ இன்டர்வியூ கொடுப்பது இன்று சாதாரணம். உங்களோடு போட்டி போடுபவர் ஷா ஆலாமில் இருப்பார், பினாங்கில் இருப்பார். அவருடைய லேப்டாப் மக்கர் செய்தால் மதிய உணவு நேரத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்துவிடுவார். நமக்கு அப்படி இல்லை. தெலுக் இந்தானுக்கு ஓட வேண்டும். அங்கே பார்ட்ஸ் இல்லையென்றால் ஈப்போ. ஒரு நாள் லீவு, எண்ணெய்க் காசு, டோல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்க்காரர் லேப்டாப் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வேகத்தைப் பற்றியது இல்லை. "கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்?" என்பதுதான்.

என் லேப்டாப்பை நானே சரிசெய்கிறேன். அது லெனோவோ திங்க்பேட் டி480; 2018-இல் வந்த மாடல். ஏதோ ஒரு கம்பெனி சில வருடம் ஓட்டிவிட்டு, கணக்கில் கழித்து, மொத்தமாக விற்ற கூட்டத்தில் ஒன்று. ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. முதல் வேலைக்குப் போகும் பிள்ளை மூவாயிரம் வெள்ளிக்குப் புது லேப்டாப் எடுத்தால் அது பெரும்பாலும் தவணைக் கடன்தான். அந்தக் கடனில் இறங்குவதற்கு முன், இந்த ரகத்தின் பலம் பலவீனங்களை ஒருமுறை படித்துவிடுங்கள். திங்க்பேட் மட்டும் என்று இல்லை. டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலீட்புக் 840 ஜி5 ஆகியவையும் அதே காலத்தவை, அதே சந்தையில் கிடைப்பவை.

முதலில் ஒரு சூட்சுமம்

பிஸ்னஸ் லேப்டாப்பை வாங்கக் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். அதைப் பராமரிக்கும் ஐடி ஆள் இன்னொருவர். எட்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு தட்டுபவர் மூன்றாமவர். முதல் இருவர் கேட்டது எல்லாம் கிடைத்திருக்கும்: உறுதி, சுலபமான ரிப்பேர், பாஸ்வேர்டு பாதுகாப்பு. மூன்றாமவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த மெஷின்களில் ஸ்க்ரூ எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஸ்க்ரீன் மங்கலாக இருக்கும். பலமும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கழித்த லேப்டாப்பை வாங்கும் நாளில் நீங்களே கையெழுத்துப் போடுபவர், நீங்களே ஐடி ஆள், நீங்களே தட்டுபவர். மூன்று பேர் கண்ணாலும் பார்த்து வாங்க வேண்டும்.

பலம்: ஐடி ஆள் கேட்டு வாங்கியவை

1. கீபோர்டு. திங்க்பேட்டை ஐபிஎம் 1992-இல் அறிமுகப்படுத்தியது. 2005-இல் அந்தத் தொழில் லெனோவோ கைக்கு மாறியது. கறுப்புப் பெட்டியும், கீபோர்டு நடுவே இருக்கும் சிவப்புப் புள்ளியும் இன்றும் மாறவில்லை. விரல் அழுந்தும் ஆழம் நன்றாக இருப்பதால் தட்டும்போது தப்பு குறைகிறது. கணக்குப் பதிவு, ரிப்போர்ட், இமெயில் என்று நாள் முழுக்கத் தட்டும் வேலைக்கு இது பெரிய விஷயம். கீபோர்டில் தண்ணீர் சிந்தினால் அடிப்பக்கம் வடிந்துபோக வழி வைத்திருக்கிறார்கள். அதற்காகத் தே தாரிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துப் பரீட்சை செய்ய வேண்டாம். பாலும் சீனியும் வேறு கதை.

2. இரண்டு பேட்டரி. டி480-இல் உள்ளே 24 வாட்-அவர் பேட்டரி ஒன்று. பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய இன்னொன்று. அது 24, 48, 72 வாட்-அவர் என மூன்று அளவில் கிடைக்கும். உள் பேட்டரியில் சார்ஜ் இருந்தால் லேப்டாப்பை நிறுத்தாமலேயே பின் பேட்டரியை மாற்றலாம். சாயங்கால மழையில் கரண்ட் போகிறது, இன்டர்வியூ பாதியில் நிற்கிறது என்றால் இதன் அருமை தெரியும். போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருங்கள். "ஸாரி சார், கரண்ட் போய்விட்டது" என்று போட்டியாளர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

3. திறக்கலாம். அடித்தட்டைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்றலாம். எந்தப் பாகத்தை எந்த வரிசையில் எடுப்பது என்று சொல்லும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோவே இலவசமாகக் கொடுக்கிறது. ரேம் ஸ்லாட் இரண்டு; கம்பெனி சொல்லும் உச்சம் 32 ஜிபி. எஸ்எஸ்டி மாற்றுவது பத்து நிமிட வேலை. அடுத்த வருடம் வந்த டி490-இல் ஒரு பங்கு ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். கழற்றும் பேட்டரியும் போய்விட்டது. புது மாடல் என்றாலே மேல் என்று நினைக்காதீர்கள். ஜெண்டராத்தா தோட்டத்தில் செம்பனைக் குலையை ஏற்றிப் போகும் சின்ன ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலைக்கென்று செய்த பொருளுக்கு அழகு குறைவு, ஆயுசு அதிகம்.

4. போர்ட். எச்டிஎம்ஐ, லேன் கேபிள் ஓட்டை, எஸ்டி கார்டு, சாதாரண யூஎஸ்பி இரண்டு, யூஎஸ்பி-சி இரண்டு. கிளையன்ட் ஆபீஸில் புரொஜெக்டரைக் காட்டி "இதில் போடுங்கள்" என்பார்கள். மெல்லிய லேப்டாப்காரர் அடாப்டர் தேடிப் பையைக் கிளறும்போது நீங்கள் முதல் ஸ்லைடுக்குப் போயிருப்பீர்கள். மீட்டிங்கில் முதல் இரண்டு நிமிடம் விழும் இம்ப்ரெஷன் கடைசிவரை ஒட்டிக்கொள்ளும்.

குறை: தட்டுபவரைக் கேட்காமல் விட்டவை

5. ஸ்க்ரீன். இதுதான் பெரிய அடி. மொத்தமாக ஆர்டர் கொடுத்த கம்பெனிகள் பல, மலிவான 1366 x 768 பேனலையே எடுத்தன. எக்செலில் நாலு நெடுவரிசை கூடுதலாகப் பார்க்க முடியாது. 1920 x 1080 இருக்கும் பீஸையே கேளுங்கள். அதிலும் வெளிச்சம் 250 நிட்ஸ்தான். வெயில் அடிக்கும் ஐந்தடியில் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். நிறமும் சுமார். கிராஃபிக் டிசைன், வீடியோ எடிட்டிங் பிழைப்பு என்றால் இந்த ரகம் உங்களுக்கு இல்லை, அல்லது தனி மானிட்டர் வாங்குங்கள். எலீட்புக் எடுப்பவர்கள் ஷ்யூர் வியூ என்ற பிரைவசி ஸ்க்ரீன் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து ஆள் எட்டிப் பார்க்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது; சில சமயம் நமக்கே வெளுத்துத் தெரியும்.

6. கேமராவும் ஸ்பீக்கரும். 720பி கேமரா. கொரோனாவுக்கு முந்தைய காலத்து மெஷின். அன்று யாரும் வீடியோ காலைப் பெரிதாக நினைக்கவில்லை. காசு செலவில்லாத மருந்து: ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும், லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் வைத்துக் கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்திருக்கிறது, சத்தம் மேசைக்குள் போகும். மைக் வைத்த வயர் ஹெட்செட் ஒன்று வாங்கிவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் இன்டர்வியூ எடுப்பவர்கள் குழு பொறுத்துக்கொள்ளும்; குரல் விட்டு விட்டு வந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும்.

7. யூஎஸ்பி-சி. சார்ஜ் போடும் ஓட்டை நேரே மதர்போர்டில் பற்றவைத்தது. வயரைக் காலால் இழுத்தால் செலவு பெரிது. இன்னொன்று: இந்தத் தலைமுறை திங்க்பேட்கள் சிலவற்றில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் பிரச்சினையால் யூஎஸ்பி-சி வேலை செய்யாமல் போகலாம் என்று லெனோவோவே அறிவித்து, சரிசெய்ய அப்டேட் வெளியிட்டது. முன்பு வைத்திருந்த கம்பெனி அதைப் போட்டதா என்று யாருக்கும் தெரியாது. வாங்கிய அன்றே பயாஸ் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை சாஃப்ட்வேர்), தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் இரண்டையும் அப்டேட் செய்யுங்கள்.

8. எடையும் சில்லறைத் தொல்லைகளும். 72 வாட்-அவர் பேட்டரியோடு தூக்கினால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அடியில் புடைத்துக்கொண்டும் இருக்கும். இடது ஓரத்தில் கன்ட்ரோல் கீ இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் கீ இருக்கிறது. முதல் வாரம் காப்பி-பேஸ்ட் எல்லாம் கோளாறாகும். பயாஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வழி உண்டு. இதெல்லாம் பழகிவிடும், ஸ்க்ரீன் மட்டும் பழகாது.

கடையில் அரை மணி நேரம்

"பாஸ், கிரேட் ஏ, கோடு கூட இல்லை" என்பார் தவுக்கே. தலையாட்டுங்கள், ஆனால் வேலையை ஆரம்பியுங்கள். ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸோ கோலாலம்பூர் லோ யாட் பிளாஸாவோ, எங்கே போனாலும் பரீட்சை ஒன்றுதான்.

9. பிராசஸர் எண்ணைப் படியுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் விதிப்படி விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். 6, 7ஆம் தலைமுறை மெஷின்களைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். "ஐ7 பாஸ், இதுதான் பவர்" என்று சொன்னால் மயங்காதீர்கள். ஐ7-7600யூ-வில் இரண்டே கோர், ஐ5-8250யூ-வில் நான்கு. மாடல் பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். செட்டிங்ஸைத் திறந்து எண்ணை நேரில் பாருங்கள். 8-இல் தொடங்கினால் பேசலாம், 7-இல் தொடங்கினால் நடையைக் கட்டலாம்.

10. பயாஸுக்குள் போய் வாருங்கள். நான் முதன்முதலில் வாங்கிய பழைய லேப்டாப்பில் இதைச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து பயாஸைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. கடைக்காரருக்கும் தெரியவில்லை. திங்க்பேட்டின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துபோனால் லெனோவோ சொல்லும் ஒரே வழி மதர்போர்டை மாற்றுவதுதான். பிறகு, லேப்டாப்பை ரீசெட் செய்து வைஃபையில் இணைத்து ஆரம்ப செட்டப்பை ஓட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால் அந்த மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

11. பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். விண்டோஸிலேயே அதற்கொரு கட்டளை இருக்கிறது. வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். புதிதில் இருந்த கொள்ளளவு, இப்போது இருப்பது இரண்டையும் காட்டும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். உப்பிய பேட்டரியைத் தொடவே வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் ஸ்க்ரீன் புள்ளிகளைப் பாருங்கள், எல்லா கீயையும் ஒரு முறை தட்டுங்கள், எல்லா ஓட்டையிலும் எதையாவது சொருகிப் பாருங்கள். அவசரப்படுத்தும் கடைக்காரர் உங்களுக்கு ஒரு தகவல் சொல்கிறார். அந்தத் தகவலை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

12. ரசீது கேளுங்கள், உங்கள் பெயரில். சீரியல் நம்பரும் வாரண்டி நாட்களும் அதில் எழுதியிருக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டர், வருமான வரியில் 2,500 வெள்ளி வரையான லைஃப்ஸ்டைல் விலக்கில் சேரும். ரசீது இல்லாமல் கேட்க முடியாது. கடைக்காரர் ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையான வழக்குகளை அது கேட்கும், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். அங்கேயும் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

13. ஸ்டிக்கரைக் கிழியுங்கள். மூடியிலோ அடியிலோ பழைய கம்பெனியின் சொத்து எண் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதோடு இன்டர்வியூவுக்குப் போனால் எதிரில் இருப்பவர் மனதில் ஒரே கேள்விதான் ஓடும்: "வேலையை விட்டபோது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லையா?" ஸ்டிக்கர் பசையைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்தால் போகும். பாகான் டத்தோ மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? துடைத்த இடத்தை ஈரமில்லாமல் காயவிடுங்கள்.

14. மின்னலுக்கு மரியாதை கொடுங்கள். இடி ஆரம்பித்தால் சார்ஜர், லேன் கேபிள் இரண்டையும் பிடுங்குங்கள். கரண்ட் லைன் வழியாக மட்டுமல்ல, மோடம் வழியாகவும் அடி வரும். பெர்ணம் ஆற்றோரமும் கடல் காற்றும் சேர்ந்த ஊர் நம்முடையது; ஈரமும் உப்பும் உலோகத்துக்கு ஆகாது. மெஷினை மாதக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஃபேன் தூசியைத் தட்டுங்கள். பேட்டரி எடுக்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

15. காசு பார்க்கக் கற்றுக்கொடுங்கள். லேப்டாப் செலவாக இருக்கும் வரை அது பொம்மை. நம் வட்டாரத்துச் சின்னக் கம்பெனிகள் பல எஸ்க்யூஎல் அக்கவுன்ட், ஆட்டோகவுன்ட் என்ற கணக்கு சாஃப்ட்வேர்களில்தான் ஓடுகின்றன; இரண்டும் விண்டோஸ் மெஷின் கேட்பவை. வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்-இன் இ-இன்வாய்ஸ் 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய கம்பெனிகளிடம் தொடங்கி, படிப்படியாகச் சிறிய கம்பெனிகள் பக்கம் இறங்கி வந்தது. மீன் வியாபாரிக்கும் லாரி கம்பெனிக்கும் இதைச் செய்து கொடுக்க ஆள் தேவை. பிவட் டேபிளும் இ-இன்வாய்ஸும் தெரிந்த பிள்ளை, வெறும் டிப்ளோமாவோடு வரும் பிள்ளையை முந்திவிடும். பெர்க்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் உங்கள் விவரத்தைப் பதியும்போது இந்தத் திறமைகளைப் பெயரோடு எழுதுங்கள்; "கம்ப்யூட்டர் தெரியும்" என்று எழுதாதீர்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

16. கம்பெனி லேப்டாப் வேறு, உங்கள் லேப்டாப் வேறு. வேலை கிடைத்ததும் ஆபீஸ் ஒரு மெஷின் கொடுக்கும். உடனே பழையதைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆபீஸ் மெஷினில் நீங்கள் திறப்பதை ஐடி பார்க்க முடியும். அதில் அடுத்த வேலைக்கு ரெஸ்யூமே எழுதுவதும் பகுதிநேர வேலை செய்வதும் தற்கொலை. கடைசி நாளில் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் இருப்பதும் போய்விடும். சான்றிதழ், படித்த குறிப்பு, சொந்தமாகச் செய்து பார்த்த எக்செல் மாதிரிகள் எல்லாம் உங்கள் மெஷினில் இருக்கட்டும். கம்பெனியின் ஃபைலை மட்டும் ஒருபோதும் நகல் எடுக்காதீர்கள். அது உங்கள் அனுபவம் இல்லை, அவர்களுடைய சொத்து.

தோட்டத்து ஆபீஸ் காலத்தில் கிராணிக்கு மேசையும் டைப்ரைட்டரும் பேரேடும் கம்பெனி கொடுத்தவை. வேலையை விட்டால் வெறுங்கையோடுதான் லயத்தைக் காலி செய்ய வேண்டும். இன்று ஆயிரம் வெள்ளிக்குள் தொழில் செய்யும் கருவி ஒன்று உங்களுக்கே சொந்தமாகக் கிடைக்கிறது. அதே கம்பெனிகள் கழித்துப் போட்டதுதான், இருக்கட்டும்.

என் தீர்ப்பு இது. கணக்கு, ஆபீஸ் வேலை, கோடிங், ஆன்லைன் வகுப்பு என்றால் வாங்குங்கள்: 8ஆம் தலைமுறை, 1920 x 1080 ஸ்க்ரீன், 16 ஜிபி ரேம், பூட்டில்லாத பயாஸ். இந்த நாலில் ரேம் குறைந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ஸ்க்ரீனையும் செலவு செய்து மாற்றலாம். மற்ற இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் விடுங்கள். டிசைன், வீடியோ, கேம் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். சனிக்கிழமை கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவ், ஒரு ஹெட்செட், ஒரு லேன் கேபிள் எடுத்துப் போங்கள். அரை மணி நேரம் நின்று தட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பக்கத்துக் கடையிலும் இதே லாட் இறங்கியிருக்கும்.